தரங்கம்பாடி: தங்கிப் பார்க்க வேண்டிய துறைமுகம்

தரங்கம்பாடிக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே, ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள் என்றும் சொல்வேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, அப்படியே வேனை இந்தப் பக்கம் திருப்பி, கோட்டை முன்னால் நின்று படம் எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிற கூட்டத்தை அங்கே நிறையப் பார்க்கலாம். "என்ன இருக்கு இங்க? ஒரு பழைய செவரு, ஒரு கடல்" என்று ஒரு பெரியவர் வேனில் ஏறிக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. அவர் மேல் தப்பில்லை. உச்சி வெயிலில் வந்து நிற்பவர்களுக்கு இந்த ஊர் அதற்கு மேல் எதையும் காட்டாது.

எனக்கு இந்த ஊர் மேல் தனிப் பிரியம் உண்டு. அதற்குக் காரணம் அச்சு. அப்பா மாயவரத்தில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கடைக்காரர்களுக்கு பில் புக், இதுதான் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அண்ணனும் எழுத்துப் பெட்டியான கேஸ் முன்னால் நின்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி கோக்கிற ஸ்டிக்கில் கோப்போம். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் படிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பிரஸ்ஸை மூடினோம். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களுக்குத் தரங்கம்பாடி சும்மா ஒரு கடற்கரை இல்லை. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து, மையிட்டு, காகிதத்தில் அழுத்தி, புத்தகம் புத்தகமாக வெளியே அனுப்புகிற வேலை நிலையாக நடக்க ஆரம்பித்தது இங்கேதான். எண்பது கடந்த அப்பாவையும், கல்லூரியில் படிக்கிற அண்ணன் பையனையும் கூட்டிக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம்.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வந்தால் முப்பது கிலோமீட்டர் அளவில் ஊர் வந்துவிடும். சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகிற பஸ்களும் நிற்கும். ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து ரயிலே வந்தது. 1926 இல் போட்ட மீட்டர்கேஜ் பாதையை 1986 இல் மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு அந்த ரயில் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வழி முழுக்க ஸ்டேஷன் பேர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பாதையைத் திரும்பப் போட வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

பெரிய சாலையிலிருந்து இறங்கிக் கொஞ்சம் உள்ளே வந்தால் வெள்ளை அடித்த நுழைவாயில் நிற்கும். ஒரு காலத்தில் இந்த ஊரை வைத்திருந்த டென்மார்க் நாட்டவர், அதாவது டேனிஷ்காரர்களின் மதில் சூழ்ந்த நகரத்துக்கு வாசல் இதுதான். இப்போது பார்ப்பது 1792 இல் திரும்பக் கட்டியது. அதன் உச்சியில் டென்மார்க் அரச முத்திரையைப் பார்க்கலாம். பெரும்பாலோர் இதன் வழியாக வண்டியிலேயே போய்விடுகிறார்கள். தயவுசெய்து இங்கேயே இறங்கி நடங்கள். வாசலிலிருந்து கடல் வரைக்கும் ஒரே நேர்கோடாகப் போகிற ராஜ வீதிதான் இந்த ஊரின் முதுகெலும்பு. கிங் தெரு என்றும் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் தெரு முனையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராக முகத்துக்கு வரும். தூண் வைத்த தாழ்வாரங்கள், ஆள் உயரச் சன்னல்கள், சுண்ணாம்புச் சுவர்கள். குறுக்குத் தெருக்களில் திண்ணையும் ஓடும் போட்ட நம்மூர் வீடுகள். சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு இங்கே சில வீடுகளைப் பழைய முறைப்படியே செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறது. தட்டாரத் தெருப் பக்கம் போனால் அவற்றைப் பார்க்கலாம். பெரிய கவர்னர் மாளிகையைவிட இந்தச் சின்ன வீடுகள்தான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தன.

இவ்வளவும் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று அண்ணன் பையன் கேட்டான். "காசு வரல, அதான் இடிக்கல" என்றார் அப்பா. உண்மை அதுதான். 1845 இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஆங்கிலேயருக்குப் பக்கத்திலேயே நாகப்பட்டினம் இருந்தது. ரயிலும் முதலில் அங்கேதான் போனது. கப்பல் வியாபாரம் இங்கிருந்து நகர்ந்தது. வியாபாரம் போன ஊரில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்குக் கை வரும்?

அடுத்து கோட்டை. டான்ஸ்போர்க் என்று டேனிஷ் பெயர். 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. கம்பெனியின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் ஓவே கெட்டே என்கிற கடற்படைத் தளபதி. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில் அவர்கள் நாட்டு க்ரோன்போர்க்குக்கு அடுத்தபடி பெரியது இது என்பார்கள். உள்ளே போனால் பிரமாண்டமாகத் தோன்றாது. கீழே வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கும். சரக்கு வைத்ததும், வெடிமருந்து வைத்ததும், ஆட்களை அடைத்து வைத்ததும் இங்கேதான். கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தது மேல்தளத்தில். ஒரு காலத்தில் சுற்றிலும் அகழி இருந்தது. இப்போது சுவடுகூட இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ரொம்ப நாள் அரசாங்க அதிகாரிகள் தங்குகிற பங்களாவாக இருந்து, 1978 இல் தொல்லியல் துறை கைக்கு வந்தது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. சீனப் பீங்கான், கண்ணாடிச் சாமான்கள், வாள், ஈட்டி, சுடுமண் பொம்மைகள் என்று எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் நான் ரொம்ப நேரம் நின்றது மேல்தளத்தில், கடலைப் பார்த்த பக்கத்தில். எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்று ஒருவரின் கதை தெரிந்தால் நீங்களும் அங்கே நிற்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் சொந்தச் சண்டைகளில் நொடித்துப்போய் இந்த ஊரை மறந்தேவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் கோங்ஸ்பாக்கே. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே அவர் கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படை வந்து முற்றுகை போட்டபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கொடியை இறக்கவே இல்லை. 1669 இல்தான் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல் வந்தது. வந்தவர்கள் அவரையே முறையான கவர்னராக ஆக்கினார்கள். அந்த மாடியில் நின்று வெறும் கடலைப் பார்க்கும்போது, தினமும் காலையில் அந்த மனிதர் இதே இடத்துக்கு வந்து பார்த்திருப்பாரே, இன்றைக்காவது ஒரு பாய் தெரியுமா என்று தேடியிருப்பாரே என்று தோன்றியது. இந்தக் கதையைச் சொன்னதும், அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பையன், "அத்தை, அவரு ஏன் ஓடிப் போகல?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்ததே பெரிய சந்தோஷம். கோட்டையில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பதோடு இந்த மாதிரி ஒரு கதையையும் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், அவர்கள் அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

கோட்டைக்கு எதிரே திறந்தவெளி, அதற்கு அந்தப் பக்கம் செப்பனிட்ட கவர்னர் பங்களா. அதைச் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

நான் இந்த ஊருக்கு வருவதே அட்மிரல் தெருவிலிருக்கும் சீகன்பால்கு வீட்டுக்காகத்தான். இப்போது அது அருங்காட்சியகம். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருக்கும் பிராங்கே அறக்கட்டளையின் துணையோடு 2017 இல் திறந்தார்கள். கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனியின் சாக்சனி பகுதிக்காரர். 1706 ஜூலை 9 அன்று, இருபத்து நான்கு வயது முடிகிற நேரத்தில், புளுட்சோ என்கிற நண்பரோடு இந்தக் கரையில் இறங்கினார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி படித்தார். இரண்டே வருஷத்தில் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். அதே 1708 இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711 இல் முடித்தார். இடையில் டேனிஷ் கவர்னரோடு மோதல் வந்து, அதே டான்ஸ்போர்க்கில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். மத விஷயத்தில் அவர் சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அபிராமி அந்தாதி சொல்கிறவர்கள்தான். ஆனால் தமிழைக் கற்றுக்கொள்ள அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு முன்னால் எனக்கு மரியாதை மட்டும்தான் இருக்கிறது.

அச்சு யந்திரம் வந்த கதை இன்னும் பெரிது. இங்கிலாந்திலிருந்து எஸ்.பி.சி.கே. என்கிற கிறிஸ்தவச் சங்கம் அனுப்பி வைத்தது. வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் ஊர் வந்து சேரவே இல்லை, வழியிலேயே இறந்துபோனார். யந்திரம் மட்டும் 1712 இல் வந்து இறங்கியது. ஓட்ட ஆள் இல்லை. கம்பெனிச் சிப்பாய்களில் யாருக்காவது அச்சு வேலை தெரியுமா என்று தேடி, ஒருவரைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழ் தெரியாத கைகள் செதுக்கியவை, அதனால் எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அந்த எழுத்தில் கோத்தால் முழுப் புத்தகத்துக்குக் காகிதம் எங்கே போவது? எனவே ஹாலேயிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்பவர் இங்கேயே உட்கார்ந்து சிறிய எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகடுகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு. பிறகு பக்கத்துப் பொறையாரிலேயே காகித ஆலையும் வைத்தார்கள். 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

அந்த வீட்டில் பழைய முறை மர அச்சு யந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். அப்பா அதைப் பார்த்ததும் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே போனார். மேலே மரத் திருகு, அதை இழுக்க நீளமான கைப்பிடி, கீழே எழுத்துக் கட்டு உட்காருகிற பலகை. பலகையை உள்ளே தள்ளி, கைப்பிடியை மார்புப் பக்கம் இழுத்தால் மேல்பலகை இறங்கிக் காகிதத்தை அழுத்தும். திரும்பத் தள்ளி, பலகையை வெளியே இழுத்து, காகிதத்தை உரித்தெடுத்து, மறுபடி மை தடவ வேண்டும். மை தடவ ரோலர் கிடையாது. தோலுக்குள் பஞ்சு அடைத்த பந்துகளால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். "ஒரு பக்கத்துக்கு இவ்வளவு வேலையா தாத்தா?" என்றான் பையன். "நமக்கு டிரெடில் மிஷினை மிதிச்சு மிதிச்சு காலு போச்சு. இவங்களுக்குத் தோள்பட்டை போயிருக்கும்டா" என்றார் அப்பா.

பழைய பக்கங்களைப் பார்க்கும்போது எழுத்தின் வடிவத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று நாம் போடுகிற வேறுபாடு அந்தக் காலத்தில் கிடையாது. வீரமாமுனிவர் பின்னால் கொண்டுவந்தது அது. அப்போதைய பக்கத்தில் இடம் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று படிக்க வேண்டும். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரலை வைத்து ஒரு வரியை எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டே போனார். வரியின் நடுவில் நிறுத்தி, "இங்க பாரும்மா, கோத்தவன் இடம் பத்தாம நெருக்கியிருக்கான்" என்றார். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்போசிட்டர் பட்ட அவஸ்தை இன்னொரு கம்போசிட்டர் கண்ணில் பட்டுவிட்டது. அங்கிருந்து அவரைக் கிளப்ப எங்களுக்கு வெகு நேரம் பிடித்தது. ஆர்வம் இருந்தால் இந்த வீட்டுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கோட்டைப் பக்கம் தானாக வந்து ஒட்டிக்கொண்ட வழிகாட்டி ஒருவர், இந்தியாவின் முதல் அச்சகமே தரங்கம்பாடியில்தான் என்று அடித்துச் சொன்னார். அது சரியல்ல. இந்தியாவுக்கு அச்சு யந்திரம் 1556 லேயே கோவாவுக்கு வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் வேலை அது. ஆனால் அந்த முயற்சிகள் நின்று நின்று போயின. வார்ப்பு, காகிதம், அச்சு, புத்தகம் என்று சங்கிலி அறாமல் நடந்த இடம் என்ற பெருமையே தரங்கம்பாடிக்குப் போதும். அதே வழிகாட்டி, இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள் என்றும் சொன்னார். இந்தப் பேச்சு ஊர் முழுக்க உலவுகிறது. தரை மட்டத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடல் வாசனைக்கும் ஓசோனுக்கும் சம்பந்தமில்லை, அது கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வருகிற வாசனை. நல்ல கடற்காற்று வீசுகிறது. ரசிக்க அது போதும்.

தேவாலயங்கள் இரண்டும் ராஜ வீதியிலேயே இருக்கின்றன. சீயோன் தேவாலயம் 1701 இல் கட்டியது. 1707 இல் புராட்டஸ்டண்டு சபையில் முதல் தமிழர்கள் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். புதிய எருசலேம் ஆலயத்தை 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார்கள். முகப்பில் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இருக்கும். அதைக் கட்டி எழுப்பிய சீகன்பால்கு அடுத்த பிப்ரவரியிலேயே இறந்துபோனார். வயது முப்பத்தாறு. ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். இரண்டும் இன்றும் ஜெபம் நடக்கிற இடங்கள். ஞாயிறு காலையில் போனால் ஆராதனை நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டாம். வெளியில் நின்றால் பாட்டு நன்றாகவே கேட்கும்.

கல்லறைத் தோட்டங்களுக்கும் போனோம். பெயர்களும் ஆண்டுகளும் அரித்துப்போயிருக்கின்றன, வெயில்தான் அதிகம். நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம்.

மாசிலாமணி நாதர் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். டேனிஷ்காரர் வந்த பிறகுதான் இது துறைமுகம் ஆனது என்று நினைப்பவர்கள் இங்கே வர வேண்டும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கல்வெட்டு இந்த ஊரைக் குலசேகரன்பட்டினம் என்கிறது, சடங்கன்பாடி என்றும் சொல்கிறது. பட்டினம் என்று சொன்னாலே கப்பல் வந்து போன ஊர்தானே. அதாவது ஓவே கெட்டே வந்து இறங்குவதற்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே இது வியாபாரிகளின் ஊர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைப் புதுப்பித்து, அலையைத் தடுக்கக் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நாங்கள் போனபோது குருக்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார், கல்லில் மோதிய அலையின் தண்ணீர் படிவரை தெறித்தது. அப்பா கும்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கடற்கரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாறையும் இழுப்பும் உள்ள கடல் இது. குளிக்க இறங்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊரின் மீனவர் குடியிருப்பை அடித்துக்கொண்டுபோனது. ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. விடியற்காலையில் படகுகள் வந்து மீன் இறக்குவதைப் பார்க்கப் போனால், ஒதுங்கி நின்று பாருங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கோட்டைக்குப் பின்னால் கரையோரம் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கிடப்பது மனதைச் சங்கடப்படுத்துகிறது. இவ்வளவு தூரம் வந்து பார்க்கிறவர்கள் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் என்ன?

தங்குவதற்கு ஊருக்குள்ளேயே பழைய பங்களாக்களை விடுதியாக்கியிருக்கிறார்கள். கடலைப் பார்த்தபடி நல்ல அழகு, வாடகையும் அதற்கு ஏற்ற மாதிரி. கையில் காசு இருந்தால் ஒரு ராத்திரி தங்கலாம், அந்த வெளிவராந்தாவுக்கே கொடுக்கலாம். இல்லையென்றால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்துக்காகவே நிறைய விடுதிகள் இருக்கின்றன, எட்டுக் கிலோமீட்டருக்குள்தான். முகூர்த்த நாட்களில் மட்டும் அங்கே இடம் கிடைக்காது. காரைக்காலிலும் தங்கலாம். நாங்கள் முதலில் பதிவு செய்திருந்த ஒரு விடுதியில், வயதானவர் வருகிறார், கீழ்த்தளத்தில் அறையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வேண்டும் என்று போனில் சொல்லி, சரி சரி என்று தலையாட்டியும், போய்ச் சேர்ந்ததும் இரண்டாம் மாடி அறையைக் கொடுத்தார்கள். லிஃப்ட் கிடையாது. அங்கிருந்து கிளம்பி வேறு இடம் பார்த்தோம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அறையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

சாப்பாட்டை எதிர்பார்த்து இந்த ஊருக்கு வர வேண்டாம். மதில் வாசலுக்கு உள்ளே டீயும் பஜ்ஜியும் கிடைக்கும், விடுதிகளில் சொல்லி வைத்தால் சமைப்பார்கள். வயிறார மீன் குழம்புச் சாப்பாடு வேண்டுமென்றால் பொறையாருக்கோ காரைக்காலுக்கோ போவதுதான் நல்லது. பொறையார் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் அங்கே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்ட வஞ்சிர வறுவலுக்குக் குறை சொல்ல முடியாது. குடிதண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். கழிப்பறை வசதியைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள், முக்கியமாகப் பெண்கள்.

போவதற்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இந்தக் கரையை விடாது. சித்திரை வெயிலில் பகல் பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. நான் சொல்கிற கணக்கு இதுதான்: மத்தியானத்துக்கு மேல் வந்து சேருங்கள். வெயில் தணிந்ததும் கோயில், கடற்கரை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ராஜ வீதியில் ஒரு நடை. வேன்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஊர் தன் சொந்த ஆட்களிடம் திரும்பிவிடும். திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் நின்று பேசலாம். மறுநாள் விடியற்காலை வாசலிலிருந்து கடல்வரை நடந்துவிட்டு, கோட்டை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். கூட்டம் சேர்வதற்குள் அட்மிரல் தெருவுக்கு வந்துவிடுங்கள். தேவாலயங்களைக் கிளம்புகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் நேரம் இருந்தால் வடக்கே பூம்புகார் இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

வீட்டில் அச்சு வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த யந்திரத்தின் பக்கத்தில் நிற்க வைத்து, அவர்கள் காலத்தில் எப்படிக் கோத்தார்கள், எப்படி மை போட்டார்கள் என்று கேளுங்கள். எங்கள் வீட்டுப் பையன் கேட்டதில் அவன் தாத்தா பேச ஆரம்பித்தவர், திருக்கடையூர் தாண்டி வண்டி ஆக்கூர் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை.